சேற்று நண்டுக் குஞ்சும் அம்மோனியாவும்: எங்கே கோட்டை விடுகிறோம்?

நாற்றங்கால் குளத்தில் விட்ட குஞ்சுகள் பாதியாகிவிட்டால், "ஒன்றையொன்று தின்றுவிட்டன" என்று முடித்துவிடுகிறோம். தின்னும்தான். ஆனால் ஓடு உரிக்க முடியாமல் செத்ததையும் அவை விட்டுவைப்பதில்லை. தண்ணீர் செய்த கொலைக்குச் சாட்சியே மிஞ்சாது.

பெரிய தவறு, தண்ணீரில் சேரும் அம்மோனியாவைக் காலையில் மட்டும் பார்ப்பது. சோதனை கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் அயனியாகாத, அதாவது மின்னூட்டம் இல்லாத பகுதிதான் கடும் நஞ்சு. 30 டிகிரி உப்புநீரில் பிஎச் (அமில-கார அளவு) 8 என்றால் அந்தப் பகுதி சுமார் 6 சதவீதம். பிஎச் 9 ஆனால் 40 சதவீதத்தை நெருங்கும். கிட்டில் அதே 1 பிபிஎம்தான், நஞ்சு மட்டும் ஆறு மடங்குக்கு மேல். பாசி மண்டிய குளத்தில் வெயில் ஏற ஏற பிஎச்சும் ஏறும். காலை ஏழு மணி அளவை நம்பினால் இது கண்ணில் படவே படாது. அம்மோனியா இருக்கும் நேரம் பார்த்துச் சுண்ணாம்பு போடுவதும் இதே வேலையைத்தான் செய்யும்.

நண்டு தன் அம்மோனியாவைச் செவுள் வழியாக வெளியேற்றுகிறது. வெளியே ஏற்கெனவே நிறைந்திருந்தால் அது இரத்தத்திலேயே தேங்கும். குஞ்சுகள் சில நாளுக்கொரு முறை ஓடு உரிப்பவை. உரிக்கும்போது ஆக்சிஜன் தேவையும் கூடும். அடி விழுவது அங்கேதான்.

சரி, அம்மோனியா இறங்கிவிட்டது என்று நிம்மதியாகிவிடக் கூடாது. அது நைட்ரைட் என்ற இன்னொரு நஞ்சாக மாறியிருக்கலாம். நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா புதுத் தொட்டியில் நிலைபெற வாரக்கணக்கில் ஆகும். நைட்ரைட் நண்டின் இரத்தம் ஆக்சிஜன் சுமப்பதைக் கெடுக்கும். மழையில் உப்புத்தன்மை இறங்கினால் குளோரைடு குறைந்து, நைட்ரைட் உள்ளே நுழைவது எளிதாகிவிடும். முன்னெச்சரிக்கை என்று ஆன்டிபயாட்டிக் ஊற்றுகிறவர்கள், காப்பாற்ற வேண்டிய பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்கிறார்கள்.

அம்மோனியாவைப் பிடித்துவைக்கப் போடும் ஜியோலைட் கனிமம்? உப்புநீரில் காசுக்குப் பிடித்த கேடு. அம்மோனியா ஒட்ட வேண்டிய இடத்தை உப்பிலுள்ள சோடியமே அடைத்துக்கொள்ளும்.

அம்மோனியாவுக்கு மூலம் தீவனம். 40 சதவீதப் புரதமுள்ள 1 கிலோ தீவனத்தில் 64 கிராம் நைட்ரஜன். அதுதான் அம்மோனியாவாகிறது, பெரும்பகுதி தண்ணீருக்கே வரும். அளவு ஏறினால் முதலில் தீனியை நிறுத்துங்கள். அப்புறம் அதே உப்புத்தன்மையுள்ள நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். மாலை மூன்று மணிக்கு பிஎச்சோடு சேர்த்து இன்னொரு முறை சோதியுங்கள்.