ஊழியர் விவரங்கள் கசியும் வழிகள்: அலுவலகங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலைக்குச் சேரும் நாளில் ஒருவர் அலுவலகத்தில் ஒப்படைக்கும் பழுப்பு உறையில் அவரைப் பற்றி என்னதான் இல்லை? ஆதார், பான் கார்டு, வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், மதிப்பெண் சான்றிதழ்கள், பழைய நிறுவனத்தின் சம்பளச் சீட்டு, பி.எஃப். படிவத்தில் வாரிசுதாரர்களின் பெயரும் பிறந்த தேதியும், ரத்த வகை, வீட்டு முகவரி. கூடப் பிறந்தவர்களிடம்கூடச் சொல்லாத சம்பளத் தொகையை, எச்.ஆர். என்கிற மனிதவளப் பிரிவின் மேசையில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத ஒருவரிடம் நம்பிச் சொல்கிறோம். அந்த நம்பிக்கையைக் காப்பதுதான் அவருடைய முதல் வேலை. வருகைப் பதிவும் சம்பளக் கணக்கும் அதற்குப் பிறகுதான்.

சம்பளக் கணக்கு வேலையாகச் சென்னையின் அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறைகளுக்கும் ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடங்களுக்கும் போய் வருகிறவன் நான். நான் பார்த்தவரை, இந்த விவரங்கள் வெளியே போவதற்குக் கணினித் திருடர்கள் தேவைப்படுவதே இல்லை. நல்ல மனதோடும் அவசரத்திலும் செய்கிற அன்றாடக் காரியங்களே போதுமானவையாக இருக்கின்றன.

தேவையில்லாததைக் கேட்டு வாங்குவது

மற்ற தவறுகளுக்கெல்லாம் இது தாய். யாரோ எப்போதோ தயாரித்த பட்டியல் ஒன்று இருக்கும். அதில் உள்ளதையெல்லாம் புதிதாகச் சேருபவர்களிடம் கேட்பார்கள். எதற்கு என்று கேட்டால், 'ஃபைலில் இருக்கட்டும்' என்பதுதான் பதில்.

வயதுச் சான்றுக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழைக் கேட்கும் அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. பிறந்த தேதிக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழே போதும். பலருடைய மாற்றுச் சான்றிதழில் சாதியும் மதமும் எழுதப்பட்டிருக்கும். இட ஒதுக்கீடு இல்லாத தனியார் அலுவலகத்துக்கு அது எதற்கு? பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்ட ஊர்ப்பக்கம் இது. பெயரில் இல்லாத சாதி, ஃபைலைப் புரட்டும் எவருக்கும் தெரியும்படி ஒரு ஜெராக்ஸில் கிடப்பது பெரிய அநியாயம். இன்க்ரிமென்ட் பட்டியல் போடுபவரின் கண்ணில் அது பட்டது, படவில்லை என்று யாராலும் நிரூபிக்க முடியாது. வாங்காமல் இருந்தால் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை.

ஆதாரிலும் இப்படித்தான். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவுக்கு எண் தேவை. அதை ஒருமுறை வாங்கிச் சரிபார்த்துவிடலாம். வெறும் அடையாளச் சான்றாக மட்டும் கேட்கும் இடங்களில், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்டுக் கடைசி நான்கு மட்டும் தெரியும் ஆதாரே போதும். ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் எவரும் அதை இறக்கிக்கொள்ளலாம். நடப்பது என்னவென்றால், ஒரே ஆளின் முழு ஆதார் ஜெராக்ஸ் சேர்க்கை ஃபைலில் ஒன்று, வங்கிக் கணக்கு திறக்க ஒன்று, சிம் கார்டுக்கு ஒன்று, காவலாளியின் பதிவேட்டில் ஒன்று என்று நான்கு இடங்களில் இருக்கும்.

மருத்துவப் பரிசோதனை அறிக்கையை முழுசாக வாங்கி வைப்பதும் வேண்டாம். 'இந்த வேலைக்குத் தகுதியானவர்' என்று மருத்துவர் தரும் ஒரு வரி போதும். எச்.ஐ.வி. பரிசோதனையை வேலைக்கு நிபந்தனையாக வைப்பதை 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடை செய்கிறது. இந்தியாவில் அந்தத் தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல், இதே சென்னையில்தான். நோயைவிட, நோய் வெளியே தெரிந்துவிட்டதால் வாழ்க்கையை இழந்தவர்களை இந்த நகரம் நிறையவே பார்த்திருக்கிறது.

தொலைபேசியில் வரும் உறவுக்காரர்

'வணக்கம் மேடம், உங்கள் கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பியைப் பற்றி விசாரிக்கத்தான் கூப்பிட்டேன். எங்கள் பெண்ணுக்குப் பேசிக்கொண்டிருக்கிறோம். தம்பி எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறார்? சம்பளம் எவ்வளவு வரும்?'

சம்பந்தம் பேசும் வீட்டார் இப்படி விசாரிப்பது நம் ஊரில் சாதாரணம். வரவேற்பு மேசையில் இருப்பவர் மனமிளகிச் சொல்லியும் விடுவார்: 'நல்ல பையன்தான் சார், ஐம்பதுக்கு மேல் வாங்குகிறார்.' பேசியவர் பெண் வீட்டாராகவே இருந்தாலும் அதைச் சொல்லும் உரிமை வரவேற்பு மேசையில் இருப்பவருக்கு இல்லை. கடன் வசூல் ஏஜென்ட்டும் இதே குரலில்தான் பேசுவார். கூரியர்காரர் என்றும் வங்கிக்காரர் என்றும் சொல்லிக்கொண்டு வீட்டு முகவரியைக் கேட்பார்.

இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. அடி தாங்காமல் கணவன் வீட்டை விட்டு வந்து, வேறு பகுதியில் விடுதியில் தங்கி வேலைக்கு வரும் பெண்கள் நம் அலுவலகங்களில் இருக்கிறார்கள். 'நான் அவள் வீட்டுக்காரர்தான், போன் எடுக்கவில்லை, எத்தனை மணிக்கு ஷிஃப்ட் முடியும்?' என்று ஒரு குரல் கேட்கும். எட்டரைக்கு முடியும் என்று சொல்ல ஒரு நொடி போதும். அதன் பிறகு வாசலில் நடப்பதற்கு அந்த ஒரு நொடிதான் காரணம்.

ஆகவே, யார் கேட்டாலும் ஒரே பதிலைப் பழக்கப்படுத்துங்கள்: 'ஊழியர்களைப் பற்றித் தொலைபேசியில் எதுவும் சொல்வதில்லை. உங்கள் பெயரும் எண்ணும் கொடுங்கள். அப்படி ஒருவர் இங்கே இருந்தால் அவரிடம் தெரிவிக்கிறோம்.' அவர் இங்கே வேலை பார்க்கிறார் என்பதைக்கூட உறுதிப்படுத்தத் தேவையில்லை. கடனுக்கான விசாரணை என்றால் எழுத்தில் வரட்டும். ஊழியரிடம் கேட்டுவிட்டுப் பதில் எழுதலாம். இந்தப் பதிலைத் தட்டச்சு செய்து வரவேற்பு மேசையிலும் காவலாளியின் அறையிலும் ஒட்டி வையுங்கள். எச்.ஆர். பிரிவுக்கு மட்டும் பயிற்சி கொடுத்துவிட்டு, முதலில் போனை எடுப்பவரை விட்டுவிடுவது பல நிறுவனங்கள் செய்யும் பிழை.

இரவு வண்டிப் பட்டியல்

இரவு ஷிஃப்ட் உள்ள நிறுவனங்களின் வாசலில் ஒரு தாள் கிளிப் பலகையில் தொங்கும். பெயர், கைபேசி எண், வேளச்சேரியிலோ மேடவாக்கத்திலோ உள்ள வீட்டின் கதவு எண், எத்தனை மணிக்கு இறங்குவார் என்கிற விவரம். இதில் பாதிப் பேர் பெண்கள். ஓட்டுநர் அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்வார். அன்று அவர் வராவிட்டால் மாற்று ஓட்டுநருக்கு அந்தப் படம் போகும். அவர் மறுவாரம் வேலையில் இருக்க மாட்டார். படம் அவரிடமே இருக்கும்.

ஒரு வண்டிக்கு ஒரு சீட்டு, அதில் அந்த வண்டியில் ஏறுபவர்களின் பெயரும் இறங்கும் இடமும் மட்டும் இருந்தால் வேலை நடக்கும். கதவு எண்ணும் கைபேசி எண்ணும் வண்டி ஒருங்கிணைப்பாளரிடம் இருக்கட்டும். ஓட்டுநர் அவரை அழைக்கட்டும். எண்ணை மறைத்துப் பேச வைக்கும் செயலிகளும் வந்துவிட்டன. காலையில் சீட்டுகளைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போடுவதற்கு ஐந்து நிமிடம் ஆகும்.

எக்செல் மறைப்பது மறைப்பு ஆகாது

துறைவாரியாக எத்தனை பேர் என்று மேலாளர் கேட்கிறார். எச்.ஆர். ஊழியர் சம்பளக் கோப்பைத் திறந்து, சம்பளப் பத்தியை 'ஹைட்' செய்துவிட்டு அப்படியே அனுப்புகிறார். வாங்கியவர் வலது சொடுக்கில் 'அன்ஹைட்' கொடுத்தால் எல்லாம் தெரியும். தொகுப்பு அட்டவணையை (பிவட் டேபிள்) மட்டும் வெட்டி ஒட்டி அனுப்பினால்கூட, அதற்குப் பின்னால் முழு மூலப் பட்டியலும் ஒட்டிக்கொண்டே போகக்கூடும்.

2023 ஆகஸ்டில் வடக்கு அயர்லாந்து காவல்துறை, தகவல் கேட்டு வந்த ஒரு மனுவுக்குப் பதில் தரும்போது எக்செல் கோப்பு ஒன்றை அனுப்பியது. மறைந்திருந்த இன்னொரு தாளில் 9,483 காவலர்கள், பணியாளர்களின் குடும்பப் பெயரும் பதவியும் பணியிடமும் இருந்தன. தான் காவலர் என்பதை அக்கம்பக்கத்தாருக்குக்கூடச் சொல்லாமல் உயிருக்குப் பயந்து வாழ்பவர்கள் உள்ள ஊர் அது. மறு ஆண்டு விதிக்கப்பட்ட அபராதம் 7,50,000 பவுண்டு. தவறு என்னவோ நம் அலுவலகங்களில் தினமும் நடப்பதுதான். வெளியே போகிற எதையும் புதிய கோப்பில், மதிப்புகளாக மட்டும் ஒட்டி, பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள்.

பி.டி.எஃபில் எழுத்தின் மேல் கறுப்புக் கட்டம் வரைந்து மறைப்பதிலும் இதே ஆபத்து உண்டு. கட்டத்துக்குக் கீழே உள்ள எழுத்தைப் பிரதி எடுத்து வேறிடத்தில் ஒட்டினால் தெரிந்துவிடும்.

சம்பளச் சீட்டுக்குக் கடவுச்சொல்லாகப் பிறந்த தேதியை வைக்கிறோம். அதே அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் இந்த மாதம் பிறந்தநாள் கொண்டாடுவோர் பட்டியல் இருக்கிறது. பிறந்த ஆண்டை ஊகிக்க எத்தனை முயற்சி ஆகும்? நம் பெயர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே நிறுவனத்தில் எஸ். குமாரும் எம். குமாரும் இருப்பார்கள், மின்னஞ்சல் பெட்டியில் 'குமார்' என்று அடித்ததும் முதலில் வரும் முகவரிக்குச் சீட்டு போய்விடும். ஊழியர் எண்ணை வைத்து அனுப்பும் முறைக்கு மாறினால் இந்தக் குழப்பம் தீரும்.

'எல்லோருடைய சம்பள விவரமும் உடனே வேண்டும்' என்று எம்.டி. பெயரில் வரும் மின்னஞ்சலுக்கும் பதறிப் பதில் அனுப்பாதீர்கள். 2016இல் ஸ்னாப்சாட் நிறுவனத்தின் சம்பளப் பிரிவு, தலைமைச் செயல் அதிகாரியின் பெயரில் வந்த போலி அஞ்சலை நம்பி ஊழியர்களின் சம்பள விவரங்களை அனுப்பிவிட்டது. எம்.டி.யின் எண்ணுக்கு ஒரு அழைப்பு போட்டுக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

நோயும் புகாரும்

காய்ச்சல் என்று விடுப்பு கேட்டால், 'இவருக்கு டைபாய்டாம், ஒரு வாரம் வர மாட்டார்' என்று குழுத் தலைவர் வாட்ஸ்அப்பில் போடுகிறார். அக்கறையாகத்தான் போடுகிறார். அடுத்த முறை அது கருச்சிதைவாகவோ மனநல சிகிச்சையாகவோ இருக்கும். 'விடுப்பில் இருக்கிறார்' என்ற இரண்டு சொற்களுக்கு மேல் குழுவுக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஜெர்மனியின் நியூரம்பர்க்கில் எச் அண்ட் எம் நிறுவனத்தின் சேவை மையத்தில், விடுப்பு முடிந்து திரும்பியவர்களை மேலாளர்கள் அழைத்து நலம் விசாரித்து, நோய் அறிகுறிகள், குடும்பச் சிக்கல்கள், மத நம்பிக்கை வரை குறித்து வைத்தார்கள். 2019 அக்டோபரில் கணினி அமைப்பில் ஏற்பட்ட கோளாறால் அந்தக் குறிப்புகள் சில மணி நேரம் நிறுவனம் முழுவதும் திறந்து கிடந்தன. ஹாம்பர்க் தரவுப் பாதுகாப்பு ஆணையர் 2020இல் விதித்த அபராதம் சுமார் 3.53 கோடி யூரோ.

தை, மாசியில் வருமான வரிக் கழிவுக்காக ஊழியர்கள் தரும் ஆவணக் கட்டையும் கவனியுங்கள். மாற்றுத்திறனாளிக் குழந்தையின் சான்றிதழ், பெற்றோரின் புற்றுநோய் சிகிச்சை ரசீது எல்லாம் அதில் இருக்கும். அதைக் கணக்குப் பிரிவின் திறந்த அலமாரியில் வைக்கக் கூடாது. பாலியல் துன்புறுத்தல் புகாரென்றால், 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு புகாரையும் விசாரணையையும் புகார் கொடுத்தவரின் அடையாளத்தையும் வெளியிடுவதைத் தடை செய்கிறது. 'பேரைச் சொல்லவில்லை, அந்த மூன்றாம் மாடிப் பெண்' என்று தேநீர் வேளையில் சொல்வதும் அடையாளத்தை வெளியிடுவதுதான்.

தாளும் பழைய இயந்திரமும்

காகிதத்தை வீணாக்கக் கூடாது என்று ஒரு பக்கம் அச்சான தாள்களின் பின்பக்கத்தைப் பயன்படுத்துவார்கள். நல்ல பழக்கம். ஆனால் எச்.ஆர். பிரிவின் தாள்கள் அந்தக் கட்டில் சேரக் கூடாது. கூரியர் ரசீதின் பின்பக்கம் யாரோ ஒருவரின் ராஜினாமாக் கடிதமாக இருக்கும். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி அச்சிட்டால், அந்தக் கடையின் கைபேசியில் கோப்பு தங்கிவிடுகிறது. வாடகைக்கு எடுக்கும் பெரிய நகல் இயந்திரங்கள் பலவற்றில் வன்தட்டு உண்டு; திருப்பித் தரும்போது அதை அழித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். ரிச்சி தெருவில் பழைய கணினியை விற்கும் முன் வெறுமனே ஃபார்மேட் செய்வது போதாது, விவரங்களை மீட்டுவிடலாம். வேலையை விட்டு விலகியவர்களின் பதிவைக் கைரேகை வருகைப் பதிவுக் கருவியிலிருந்து நீக்குங்கள். கடவுச்சொல் போனால் மாற்றலாம், கைரேகைக்கு அந்த வழி இல்லை.

கன்சல்டன்ட்டிடம் கொடுத்துவிட்டோம் என்று இருப்பது

சிறு நிறுவனங்களில் பி.எஃப். தளத்தின் கடவுச்சொல் முதலாளிக்குத் தெரியாது. அந்த வேலையை வெளியிலிருந்து செய்து தரும் கன்சல்டன்ட்டுக்கும் அவரிடம் வேலை பார்க்கும் மூன்று பேருக்கும் தெரியும். முதலாளியின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும் டோக்கன் என்கிற சிறு கருவி, கன்சல்டன்ட்டின் மேசை இழுப்பறையில் மற்ற நிறுவனங்களின் டோக்கன்களோடு கிடக்கும், கடவு எண் அதன் மேலேயே ஒட்டப்பட்டிருக்கும். டோக்கனை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். கன்சல்டன்ட்டின் ஆளோ உங்கள் எச்.ஆர். ஊழியரோ மாறும் அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு. வேலை தொடர்பான சில தேவைகளுக்குத் தனி ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை என்று சட்டம் சலுகை தருகிறது. பாதுகாக்கும் கடமையில் சலுகை இல்லை. வேலையை வெளியாரிடம் கொடுத்திருந்தாலும் பொறுப்பு நிறுவனத்துடையதுதான். பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

கசிந்த பிறகு மறைப்பது

ஒரு பட்டியல் வெளியே போய்விட்டது என்று தெரிந்ததும் முதலில் எழும் எண்ணம், ஊழியர்களுக்குத் தெரிய வேண்டாம் என்பது. அதற்குள் அவர்களுடைய பெயரில் கடன் வாங்கப்பட்டிருக்கலாம். அவர்களிடம் அன்றே சொல்லுங்கள். கணினி ஊடுருவல் என்றால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 முதலே உள்ள உத்தரவு.

என்ன போயிற்று, எப்போது போயிற்று என்று எளிய தமிழில் எழுதிக் கொடுங்கள். வங்கிக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்கள். ஆதார் தளத்தில் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்து கொடுங்கள். பணம் போயிருந்தால் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணை அழைக்க வேண்டும். அந்தப் பட்டியலில் வேலையை விட்டுப் போனவர்களும் இருப்பார்கள். அவர்களுடைய இன்றைய எண்ணைத் தேடிப் பிடித்துச் சொல்வதும் நிறுவனத்தின் பொறுப்புதான்.