காதில் மாட்டும் நரம்புத் தூண்டி: வாங்குவதற்கு முன் ஆய்வைப் படிப்பது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள கோயில் மண்டபத்தில் என் பெரியம்மாவின் கையில் ஒருவர் விளம்பரத் தாள் ஒன்றைத் திணித்துவிட்டுப் போனார். காதில் மாட்டும் சிறு மின்கருவி வேகஸ் நரம்பைத் தூண்டி வலிப்பு, மனச்சோர்வு, பக்கவாதம், மூட்டுவலி ஆகிய அனைத்தையும் தீர்க்கும் என்றும், இது ஆய்வில் நிரூபணமானது என்றும் அதில் அச்சிட்டிருந்தார்கள். இத்தகைய தாளை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன்.

முதலில், ஆய்வில் பயன்பட்ட கருவி எது என்று பாருங்கள். வேகஸ் நரம்பு மூளைத்தண்டிலிருந்து கழுத்து வழியாக இதயம், நுரையீரல், இரைப்பை வரை செல்கிறது. அறுவைச் சிகிச்சை முறையில், இடது மார்புத் தோலுக்கடியில் ஒரு மின்கருவியை வைத்து, அதன் கம்பியைக் கழுத்தில் இடது வேகஸ் நரம்பில் சுற்றுகிறார்கள். காதுக் கருவியோ அந்நரம்பின் காதுக் கிளையைத் தோலுக்கு மேலிருந்து தூண்ட முயல்வது. முன்னதன் பலனைப் பின்னதற்கு எழுதுவது, ரப்பர்ப் பால் கணக்கைச் செம்பனைக் குலைக்கு எழுதுவதற்கு ஒப்பாகும்.

அடுத்து நோயைப் பாருங்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் உடலுக்குள் பொருத்தும் கருவியை 1997இல் மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புக்கும், 2005இல் தீராத மனச்சோர்வுக்கும், 2021இல் பக்கவாதத்தால் வலுவிழந்த கைக்கும் அனுமதித்தது. பக்கவாத ஆய்வுதான் கவனமாகப் படிக்கத் தக்கது. இரத்தக்குழாய் அடைப்பால் பக்கவாதம் வந்து ஒன்பது மாதங்களாவது கடந்த 108 பேர் அதில் சேர்ந்தார்கள். அனைவருக்கும் கருவியைப் பொருத்தி, ஏறக்குறையப் பாதிப்பேருக்கு மட்டும் கைப்பயிற்சியின் ஒவ்வோர் அசைவோடும் உண்மையான தூண்டலைத் தந்தார்கள். பயிற்சி முடிந்து மூன்று மாதங்களுக்குப் பின் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் தூண்டல் பெற்றோரில் 47 விழுக்காடு, மற்றவர்களில் 24 விழுக்காடு. தூண்டல் பயிற்சியோடு சேர்ந்தே தரப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு சாய்வு நாற்காலியில் கிடப்பது வேறு. மூட்டுவலிக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டைத் தாக்கும் முடக்குவாதத்தில் நடந்த ஆய்வு, பால் வாளி சுமந்து தேய்ந்த முழங்காலுக்குப் பொருந்தாது.

மூன்றாவதாக, ஒப்பீட்டுக் குழுவை, அதாவது உண்மையான தூண்டல் பெறாதவர்களின் குழுவை, தேடுங்கள். மேலே சொன்ன 24 விழுக்காட்டினர் தூண்டலின்றிப் பயிற்சியால் மட்டுமே முன்னேறியவர்கள். மனச்சோர்வுக்கான முக்கிய ஆய்வில், பத்து வார முடிவில் தூண்டல் பெற்றோரில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரும் போலித் தூண்டல் பெற்றோரில் 10 விழுக்காட்டினரும் தேறினர். அந்த வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடிய அளவே. 'பயன்படுத்தியவர்கள் நலமடைந்தார்கள்' என்று மட்டும் சொல்லும் தாளைத் தயங்காமல் ஒதுக்கலாம்.

கருவி 2012ஆம் ஆண்டு மருத்துவக் கருவிகள் சட்டத்தின்கீழ் மலேசியாவில் பதிவாகியுள்ளதா, எந்தப் பயன்பாட்டிற்காகப் பதிவாகியுள்ளது என்று விற்பவரிடம் கேட்டு, மருத்துவக் கருவி ஆணையத்தின் பதிவேட்டிலும் சரிபாருங்கள். இதயமுடுக்கி பொருத்தியவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. தாளை அரசாங்கக் கிளினிக்கிற்கு எடுத்துச் சென்று காட்டலாம். வலிப்பு மாத்திரையை மட்டும் இதை நம்பி நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு ஆய்வுகளில் நெஞ்சுக்குள் கருவி பொருத்திக்கொண்டவர்களும் தங்கள் மாத்திரைகளைத் தொடர்ந்தே வந்தார்கள்.