கட்டட வேலையைக் கவனிக்க ஒரே ஜன்னல் போதும்

வளாகத்துக்குள் புதுக் கட்டடம் எழும்பும்போது, பக்கத்துக் கட்டடத்தின் மாடி ஜன்னல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை அதே நாள், அதே நேரம், அதே கோணத்தில் ஜூம் செய்யாமல் ஒரு படம் எடுத்து வையுங்கள். இடம் மாறாததால், இரண்டு படங்களை அடுத்தடுத்துப் புரட்டினாலே எத்தனை தூண் எழுந்திருக்கிறது, எந்த மாடியில் சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் பலகையும் முட்டும்) இன்னும் பிரிக்கவில்லை என்பது தெரிந்துவிடும், வேலை அட்டவணையோடு ஒப்பிடவும் சுலபம். அதைவிட முக்கியம், மேலிருந்து பார்த்தால் இடத்தின் மொத்த அமைப்பும் தெரியும்: கம்பியும் மணலும் லாரி வரும் வழியில் குவிகிறதா, மாணவர்கள் நடக்கும் பாதைக்கு மேல் கிரேன் சுழல்கிறதா என்று பார்த்து உடனே பொறியாளரிடம் சொல்லலாம் (நடைபாதை விஷயத்தை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்).

உள்வேலைக்கு இது உதவாது. சுவருக்குள் மறையும் குழாய், வயர் பாதையைப் பூச்சுக்கு முன்பே உள்ளே போய், அளவு டேப்பைச் சுவரில் பிடித்துத் தனியாகப் படம் எடுக்க வேண்டும். கான்கிரீட்டின் பலமும் படத்தில் தெரியாது, அதற்கு, அதே கான்கிரீட்டில் வார்த்த கனசதுரக் கட்டியை 28 நாள் கழித்து அழுத்தி உடைத்துப் பார்க்கும் கியூப் சோதனைதான்.