முதல் வால்வு கிட்டார் ஆம்ப்: 5 வாட்டில் தொடங்குங்கள்

நீங்களே கட்டும் முதல் ஆம்பிலேயே 50 வாட்டுக்கு ஆசைப்பட வேண்டாம். கற்றுக்கொள்ள ஃபெண்டர் சாம்ப் 5எஃப்1 சர்க்யூட் போதும். மூன்றே வால்வு: முன்பெருக்கிக்கு 12ஏஎக்ஸ்7, அவுட்புட்டுக்கு 6வி6, ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபயருக்கு 5ஒய்3. ஏறக்குறைய 5 வாட் வரும். அடுத்த அறையில் இருப்பவருக்கு அதுவே அதிகம்.

உள்ளே 350 வோல்ட் டிசி ஓடும். பிளக்கை உருவிய பிறகும், டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். முதல் கெபாசிட்டருக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால் முக்கால் நிமிடத்தில் வடிந்துவிடும். ரெசிஸ்டரையும் நம்பாதீர்கள், மீட்டர் 5 வோல்ட்டுக்குக் கீழே காட்டிய பிறகே கையை உள்ளே விடுங்கள்.

பவர் டிரான்ஸ்ஃபார்மர் 325-0-325 வோல்ட், 70 மில்லி ஆம்பியர், கூடவே 6.3 வோல்ட், 5 வோல்ட் சுற்றுகள் (வைண்டிங்), இரண்டும் 2 ஆம்பியர். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் சிங்கிள் எண்டட் (ஒரே அவுட்புட் வால்வுக்கானது) வகையாக, பிரைமரி 5 முதல் 8 கிலோ ஓம் வரை இருக்கட்டும். கையில் கிடைத்த, இரட்டை வால்வுக்கான புஷ்-புல் டிரான்ஸ்ஃபார்மரை மாட்டினால், அதன் கோரில் காற்றிடைவெளி இல்லாததால் டிசி ஓட்டத்திலேயே கோரின் காந்தத் தாங்குதிறன் நிறைந்து பாஸ் செத்துப்போகும்.

ஃபில்டர் கெபாசிட்டர்கள் 16, 8, 8 மைக்ரோ ஃபாரட்; இடையில் 10 கிலோ ஓம், 22 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள். பலர் 450 வோல்ட் கெபாசிட்டர் வாங்கிவிடுகிறார்கள். 5ஒய்3 சட்டென்று சூடாகிவிடும், 6வி6 மெதுவாகத்தான் விழிக்கும். கரண்டை இழுக்க ஆளில்லாத அந்தச் சில நொடிகளில் மின்னழுத்தம் 325 × 1.41, அதாவது 460 வரை ஏறும். 500 வோல்ட் கெபாசிட்டரே வாங்குங்கள். ஹம் (பின்னணி உறுமல்) குறையட்டும் என்று முதல் கெபாசிட்டரை 47 ஆக்கவும் கூடாது. 5ஒய்3 தாங்கும் எல்லை சுமார் 20 மைக்ரோ ஃபாரட்தான்.

வயரிங்கில், வால்வைச் சூடாக்கும் ஹீட்டர்தான் முதல் வேலை. இரண்டு வயர்களையும் இறுக்கமாக முறுக்கி, சேஸிஸின் மூலையோடு ஒட்டிக் கொண்டுபோங்கள். 6வி6-இல் 2, 7 பின்கள். 12ஏஎக்ஸ்7-இல் 4, 5 பின்களைச் சேர்த்து ஒரு வயர், 9-க்கு மற்றது. ஹீட்டர் சுற்றில் நடு டேப் (நடுவிலிருந்து எடுக்கும் இணைப்பு) இல்லையென்றால் இரு பக்கமிருந்தும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்றைக் கிரவுண்டுக்கு இழுங்கள். சிக்னல் வயர் ஹீட்டரைக் கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். மெயின்ஸ் எர்த்துக்குத் தனி போல்ட். அதில் வேறு எதையும் மாட்டாதீர்கள்.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது 60 வாட் குண்டு பல்பை சீரீஸில் வையுங்கள். முதலில் வால்வு எதுவும் இல்லாமல். பிறகு 5ஒய்3 தவிர மற்ற இரண்டையும் சொருகி, ஹீட்டர் சிவப்பதைப் பாருங்கள். கடைசியில் 5ஒய்3. அதற்கு முன்பே ஸ்பீக்கர் இணைந்திருக்க வேண்டும்; லோடு இல்லாமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் எகிறி இன்சுலேஷன் பொத்துக்கொள்ளும். பல்பு ஒரு கணம் பிரகாசித்து மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்தால் எங்கோ ஷார்ட்.

பல்பை எடுத்துவிட்டு, 6வி6-இன் கேத்தோடு (எலக்ட்ரான்களை உமிழும் முனை) ரெசிஸ்டரான 470 ஓமுக்குக் குறுக்கே அளந்து பாருங்கள். 20 வோல்ட் வந்தால் ஓட்டம் 42.5 மில்லி ஆம்பியர். வால்வுக்குள் இருக்கும் ஸ்கிரீன் கிரிட்டின் பங்கு சுமார் 3-ஐக் கழித்தால், எலக்ட்ரான்கள் போய்ச் சேரும் பிளேட்டுக்கு 39.5. பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையே 300 வோல்ட் என்றால் 11.9 வாட். 6வி6-இன் பழைய எல்லையான 12 வாட்டுக்குள் அடங்குகிறது. தாண்டினால் 470-ஐ 560 ஆக்குங்கள்.

சுவிட்ச் போட்டதும் ஊளையிடுகிறதா? சர்க்யூட் தப்பில்லை, ஃபீட்பேக் (அவுட்புட்டில் ஒரு பங்கை முன் ஸ்டேஜுக்குத் திருப்புவது) தலைகீழாகிவிட்டது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரியின் இரு முனைகளையும் இடம் மாற்றினால் அடங்கிவிடும். ஹம் என்றால் அணைத்துவிட்டு 12ஏஎக்ஸ்7-ஐ உருவிப் பாருங்கள். அப்போதும் உறுமினால் பவர் சப்ளை அல்லது 6வி6 பக்கம். நின்றுவிட்டால் முன்பெருக்கியின் கிரவுண்டு, அல்லது இன்புட் வயர்.

ஒலியை உங்கள் விருப்பத்துக்கு வளைப்பது இதற்குப் பிறகுதான். முதல் ஸ்டேஜின் 1.5 கிலோ ஓம் கேத்தோடு ரெசிஸ்டருக்குக் குறுக்கே 25 மைக்ரோ ஃபாரட் போட்டால் அந்த ஸ்டேஜின் கெயின் கிட்டத்தட்ட இரட்டிக்கும், 0.68 போட்டால் பாஸை விட்டுவிட்டு மேல் சுரங்களை மட்டும் தூக்கும். ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப்பில் ஒலி குழைந்தால், ஸ்டேஜுகளை இணைக்கும் 0.022 மைக்ரோ ஃபாரட் கப்ளிங் கெபாசிட்டரை 0.01 ஆக்குங்கள். 22 கிலோ ஓம் ஃபீட்பேக் ரெசிஸ்டருக்கு ஒரு சுவிட்ச் வைத்தால், துண்டித்ததும் ஆம்ப் சீக்கிரமே கரகரக்கத் தொடங்கும்.