அனாபொலிஸ் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

வாஷிங்டனிலிருந்தும் பால்டிமோரிலிருந்தும் சுமார் 50 கி.மீ.தான் என்பதால், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத் தலைநகரான அனாபொலிஸுக்குக் காரிலேயே கிளம்பி நேரே படகுத்துறையில் போய் நிற்கப் பார்க்கிறார்கள். முதல் தவறு அது. ஊரின் தெருக்கள் 1690களில் இரண்டு வட்டங்களிலிருந்து ஆரக்கால்கள் போலப் பிரியும்படி வகுக்கப்பட்டவை. ஒடுக்கமானவை, பல ஒருவழி. ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் வட்டத்தைச் சுற்றி மறுபடி வர வேண்டும். மேட்டில் காட்ஸ் கோர்ட் அடுக்கு நிறுத்தகத்தில் வண்டியை விட்டுவிட்டு இறங்கி நடப்பதே நல்லது. நடைபாதை செங்கல், அங்கங்கே மேடுபள்ளம். அதனால் குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டாம்.

துறையோரத்தில் இடம் கிடைத்தாலும் யோசியுங்கள். மழையே இல்லாத நாளிலும் அங்கே தண்ணீர் ஏறும். வடிகால் வழியாக மேலே வருவது உப்புத் தண்ணீர், வண்டியின் அடிப்பாகத்தை அரித்துவிடும். கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணை மட்டும் பார்த்தால் போதாது. இங்கே ஓத வேறுபாடு சராசரியாக ஓர் அடிதான். தெற்கிலிருந்து விடாமல் வீசும் காற்று செசபீக் விரிகுடா நீரை உள்ளே தள்ளுவதும் தண்ணீர் ஏற ஒரு முக்கியக் காரணம். காற்று முன்னறிவிப்பையும் சேர்த்துப் பாருங்கள்.

அதிக ஏமாற்றம் நேர்வது 1845இல் தொடங்கிய கடற்படை அகாதமியின் வாசலில். வெளியாள் வண்டிக்கு உள்ளே அனுமதி இல்லை. முதலாம் வாயிலில் சோதனை முடித்து நடந்துதான் போக வேண்டும். பெரியவர்கள் எல்லோரிடமும் படத்துடன் கூடிய அரசு அடையாள அட்டை இருக்க வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு அசல் பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள், கைப்பேசியில் உள்ள படத்தை நம்ப வேண்டாம். அகாதமியின் தேவாலயத்தில் ஞாயிறு காலை வழிபாடு. திருமணம் நடக்கும் நேரத்திலும் பார்வையாளர்களை விடமாட்டார்கள். கல்வியாண்டின் வேலை நாளில் போனால், வானிலை ஒத்துழைத்தால், நண்பகலுக்குச் சற்றுப் பின் விடுதிக் கட்டடமான பான்கிராஃப்ட் ஹால் முன் மாணவர்கள் அணிவகுப்பதைப் பார்க்கலாம். தேவாலயத்துக்கு அடியில் அமெரிக்க விடுதலைப் போரின் கடற்படை வீரர் ஜான் பால் ஜோன்ஸின் கல்லறையைப் பார்த்ததும் பலர் திரும்பிவிடுகிறார்கள். பிரெபிள் ஹால் அருங்காட்சியகத்தை விடவே கூடாது: நெப்போலியன் காலப் போர்க் கைதிகள் எலும்பில் செதுக்கிய கப்பல் மாதிரிகள் அங்கே இருக்கின்றன.

மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தை வெளியே படமெடுத்ததோடு நிறுத்தாதீர்கள். அனுமதி இலவசம். 1783 டிசம்பர் 23 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் தம் தளபதிப் பதவியைத் துறந்தது இங்குள்ள பழைய செனட் அவையில்தான்.

இனி பாய்மரப் படகுச் சவாரி. ஜூலை, ஆகஸ்டில் நண்பகல் சவாரிக்குச் சீட்டெடுத்தால் காற்று செத்துக் கிடக்கும். பாய் தொங்க, இயந்திரத்தில் போய் வருவீர்கள். மே, செப்டம்பர், அக்டோபரில் காற்று நன்றாக இருக்கும். கோடையில்தான் முடியும் என்றால் மாலைச் சவாரி எடுங்கள், இடிமழை எச்சரிக்கையையும் பாருங்கள். தளத்தில் கறை படியாத, வெளிர்நிற மென்மையான அடிப்பாகமுள்ள காலணி வேண்டும். அக்டோபரில் படகுக் கண்காட்சிகள் நடக்கும் நாள்களில் ஊர் நிரம்பி வழியும். கண்காட்சிக்கே போகிறவர்கள் கடற்படை விளையாட்டரங்கில் வண்டியை நிறுத்திப் பேருந்தில் வரலாம். ஏப்ரல் கடைசி முதல் கோடை முடியும் வரை புதன் மாலைகளில் பாய்மரப் படகுப் பந்தயம் நடக்கும். ஸ்பா ஓடைக்குள் படகுகள் நெருக்கியடித்து வந்து முடிப்பதைக் கரையில் நின்றே காசில்லாமல் பார்க்கலாம். அதை விட்டுவிட்டு ஐந்து மணிக்கே வீடு திரும்புவது பெரிய இழப்பு.

நண்டு சாப்பிடுவதானால் விலையை முன்பே கேளுங்கள். அன்றன்றைய சந்தை விலைதான், அளவுக்கேற்ப மாறும். உள்ளூர் நண்டா என்றும் கேளுங்கள், வெளிமாநிலத்திலிருந்தும் வருகிறது. சதைப்பற்று அதிகம் இருப்பது செப்டம்பர், அக்டோபரில். ஒரு டஜனை உடைத்துத் தின்ன ஒரு மணி நேரமாவது பிடிக்கும், ஆகவே சவாரிக்கு முன்னால் உட்காராதீர்கள். ஓட்டின் மேல் அப்பிய மசாலா கையில் இருக்கும்வரை கண்ணைத் தொட வேண்டாம்.