குடும்பக் கிணற்றுக்கு குளோரின் போடுவது எப்படி?

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் கிணற்றுக்கு மருந்து போடுவதென்றால் பலரும் பிளீச்சிங் பவுடரை ஒரு பிடி அள்ளி வீசிவிடுவார்கள். பவுடர் சுண்ணாம்போடு அடியில் போய்ப் படியும், தண்ணீரும் கலங்கும். அளந்து, கரைத்து, தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும்.

முதலில் கிணற்றின் மேல்பகுதி

நல்ல மழை விட்டதும் கிணற்றுக்குள் எட்டிப் பாருங்கள். உறைக்கும் உறைக்கும் நடுவில் ஈரக்கோடு வழிகிறதா? முற்றத்து அழுக்கு இறங்கும் வழி அதுதான். ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த கலவையால் அடைத்துவிடுங்கள். கிணற்றைச் சுற்றி ஒரு மீட்டருக்கு, வெளிப்பக்கம் சரிந்த சிமெண்ட் மேடை வேண்டும். கழிப்பறைக் குழிக்கும் கிணற்றுக்கும் 7.5 மீட்டர் இடைவெளி கேரள கட்டட விதி கேட்பது; 15 மீட்டர் விட முடிந்தால் விடுங்கள். இதைச் சரிசெய்யாமல் மாதாமாதம் பவுடர் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போலத்தான்.

தூர் வாரும்போது

உள்ளே இறங்குமுன் விளக்கை ஏற்றிக் கயிற்றில் இறக்குங்கள். அணைந்தால் யாரும் இறங்கக் கூடாது. அணையாவிட்டாலும் எல்லா விஷவாயுவும் விளக்கில் தெரியாது. இடுப்பில் கயிறு கட்டி, மேலே இரண்டு பேர் பிடித்திருக்க வேண்டும். டீசல், பெட்ரோல் மோட்டாரைக் கிணற்றுக்குள் வைத்து ஓட்டவே கூடாது, புகை ஆளைக் கொல்லும்.

அளவு

கயிற்றில் கல் கட்டி அடிவரை இறக்கித் தூக்குங்கள். நனைந்த நீளம்தான் தண்ணீரின் ஆழம். விட்டம் × விட்டம் × ஆழம் (எல்லாம் அடியில்) × 22 போட்டால் லிட்டர் கிடைக்கும். 6 அடி விட்டம், 10 அடி தண்ணீர் என்றால் சுமார் 8,000 லிட்டர்.

1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பவுடர், ஆக இந்தக் கிணற்றுக்கு 20 கிராம். தூர் வாரிய பிறகும், வெள்ளநீர் புகுந்த பிறகும் இருமடங்கு, 40 கிராம். இது 33 சதவீத குளோரின் உள்ள புதுப் பவுடருக்கான கணக்கு. பாக்கெட்டைத் திறந்ததும் மூக்கில் ஏறாத பழைய பவுடர் வெறும் சுண்ணாம்பு.

கரைத்து ஊற்றுதல்

1. பிளாஸ்டிக் வாளியில் பவுடரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, முக்கால் வாளிக்கு நிரப்பிக் கலக்குங்கள். ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டாம். முகத்தில் துண்டு கட்டுங்கள்.
2. 10 நிமிடம் அசைக்காமல் வையுங்கள்.
3. தெளிவை மட்டும் இன்னொரு வாளியில் வடியுங்கள். அடிமண்டியைக் கிணற்றில் ஊற்றாமல், கிணற்றிலிருந்து தள்ளிக் கொட்டுங்கள்.
4. தெளிவு உள்ள வாளியைக் கயிற்றில் இறக்கி, தண்ணீருக்குள் முக்கி மேலும் கீழுமாக இழுத்துக் கலக்குங்கள்.

குறைந்தது ஒரு மணி நேரம் விட வேண்டும். மாலையில் போட்டுக் காலையில் இறைப்பதுதான் வசதி. ஒரு மணி நேரம் கழித்து இலேசான குளோரின் வாடை இருந்தால் சரி. துளியும் இல்லையென்றால் அழுக்கு குளோரினைத் தின்றுவிட்டது. பாதி அளவு மறுபடி போடுங்கள். கலங்கல் தண்ணீரில் இது அடிக்கடி நடக்கும், தெளிந்த பிறகு போடுவதே மேல்.

கொசுப்புழுவுக்காகக் கப்பி மீன் விட்டிருந்தால் முன்கூட்டியே பிடித்துவிடுங்கள், குளோரின் கொன்றுவிடும்.

இன்னொன்று: கிழக்குப் பாலக்காட்டில் சில இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு (அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் உப்பு) உண்டு. குளோரின் அதைத் தொடாது. கொதிக்க வைத்தால் இன்னும் செறிவாகும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அந்தத் தண்ணீரைக் குளிக்க, துவைக்க மட்டும் வைத்துக்கொண்டு, குடிக்க வேறு தண்ணீர் பாருங்கள்.