கொல்லிமலையில் ஒரு இரவு: சாமைச்சோறு, ஆயிரம் படி, எழுபது வளைவு

கொல்லிமலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் காலையில் ஏறி, ஆகாய கங்கை அருவியில் குளித்து, பரோட்டா தின்று, மாலையில் இறங்கிவிடுகிறார்கள். மலைக்கு மிஞ்சுவது குப்பைதான். ஓர் இரவு தங்கினால் பயணமும் நிதானமாகும், பணமும் மலைக்காரர் கைக்குப் போகும். ஆனால் சில ஏற்பாடுகளை முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டும்.

முதலில் நாள் பார்ப்பது. ஆடி 17, 18 தேதிகளில் மலைமேல் உள்ள செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கும். கூட்டம் பார்க்கத்தான் போகிறோம் என்றால் சரி, இல்லையென்றால் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அருவியில் தண்ணீர் அதிகம். கனமழை பெய்தால் அங்கே இறங்க விடமாட்டார்கள், பாதையில் மண்ணும் சரியும். மார்கழி, தை நல்ல காலம். தண்ணீர் இருக்கும், புதுச் சாமையும் கிடைக்கும். குளிர் உண்டு, ஸ்வெட்டர் வேண்டும். பலாவுக்காகப் போகிறவர்களுக்கு வைகாசி, ஆனி.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி வந்தால் அடிவாரம். அங்கிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்தே போதும், சொல்லப்போனால் அதுதான் நல்லது: மலைப்பாதை ஓட்டிப் பழகாதவர் காரில் வருவதால்தான் வளைவுகளில் நெரிசல். பேருந்தில் முன்பக்க இருக்கை பிடியுங்கள். வெறும் வயிற்றிலும் ஏறாதீர்கள், நிறையத் தின்றும் ஏறாதீர்கள். இரண்டு இட்லி போதும். சொந்த வண்டி என்றால் எரிபொருளை அடிவாரத்து ஊர்களிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும். குரங்குக்குத் தின்பண்டம் வீசாதீர்கள். வீசிப் பழக்கிவிட்ட இடங்களில்தான் அவை வண்டிக்கு நடுவே வந்து நிற்கின்றன.

தங்க செம்மேட்டைச் சுற்றி விடுதிகள் உண்டு, ஊருக்குள் வீட்டோடு சேர்ந்த அறைகளும் கிடைக்கும். இரண்டாவது வகையைத் தேடுங்கள். காரணம் சாப்பாடு. கடைகளில் இருப்பதெல்லாம் கீழே கிடைப்பதுதான். சாமைச்சோறு, கேழ்வரகுக் களி, மொச்சைக் குழம்பு, மிளகு தூக்கலான நாட்டுக்கோழிக் குழம்பு வேண்டுமென்றால் முந்தைய நாளே சொல்ல வேண்டும், எத்தனை பேர் என்றும் சொல்ல வேண்டும். போய் இறங்கியபிறகு கேட்டால் அரிசிச் சோறுதான் வரும், அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

ஆகாய கங்கைக்குப் பாதை அறப்பளீஸ்வரர் கோயில் அருகிலிருந்து இறங்குகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், பல இடங்களில் செங்குத்து. இதில் ஏமாற்றம் என்னவென்றால் சுலபமான பாதி முதலில் வருகிறது. இறங்கும்போது வலி தெரியாது. குளித்துக் களைத்தபின் ஏற வேண்டும். ஆகவே காலையிலேயே போங்கள், ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், ரப்பர் செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ போடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களை இங்கே இழுத்து வராதீர்கள், அவர்களுக்கு மாசிலா அருவி இருக்கிறது. எண்ணெய், சோப்பு, ஷாம்பூ எதுவும் கூடாது. இந்தத் தண்ணீர்தான் ஐயாறாகப் புளியஞ்சோலைக்கு இறங்குகிறது, அங்கேயும் ஆட்கள் குளிக்கிறார்கள். தண்ணீர் திடீரெனக் கலங்கி நிறம் மாறினால் உடனே கரையேறுங்கள். மேலே மழை பெய்கிறது என்று அர்த்தம்.

வாங்குவதில்தான் கவனம் தேவை. இந்த மலையில் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை என்று ரகரகமாக விளைந்தது. சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்கு மரவள்ளி நல்ல காசு தரத் தொடங்கியதும் சாமைக் காடுகள் சுருங்கின. இடித்துத் தோல் நீக்கும் வேலையின் கடினமும் ஒரு காரணம். எனவே சாமையும் தினையும் விளைவித்தவரிடமே, பேரம் பேசாமல் வாங்குங்கள். தீட்டாத சாமை வெள்ளையாக இருக்காது, பழுப்பாக இருக்கும், உள்ளங்கையில் தேய்த்தால் லேசாகத் தவிடு ஒட்டும். அந்தத் தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் காறல் வாசம் வந்துவிடும். இரண்டு கிலோவுக்கு மேல் வாங்காமல், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

சமைக்கும்போது பொடிக்கற்கள் போக மூன்று முறை அரித்து, அரை மணி நேரம் ஊறவையுங்கள். ஒரு கப் சாமைக்கு இரண்டரை கப் தண்ணீர். தண்ணீர் கொதித்தபின் சாமையைப் போட்டு, சிறுதீயில் 12 நிமிடம் வேகவைத்து, அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். இடையில் கிண்டினால் கூழாகிவிடும். மூடி வைக்கும் பத்து நிமிடத்தை விட்டால் சோறு சீராக வேகாமல் நிற்கும்.

மிளகில் ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நிறைய மிதந்தால் சொத்தை, அல்லது பப்பாளி விதை. தேனுக்கு அப்படி நம்பத்தக்க வீட்டுச் சோதனை எதுவும் இல்லை. தண்ணீரில் சொட்டு கரைகிறதா என்று பார்ப்பதெல்லாம் வெல்லப்பாகிலும் தேறும். தெரிந்தவர் சொன்னால் ஒழிய சாலையோரத்தில் தேன் வாங்காதீர்கள்.

அடுத்து முடவாட்டுக்கால். பாறையிலும் மரத்திலும் படர்கிற ஒரு பெரணியின் கிழங்கு, பழுப்பு ரோமத்தோடு ஆட்டுக்கால் போலவே இருக்கும். மூட்டுவலிக்கு நல்லது என்ற பேச்சால் மூட்டை மூட்டையாகக் கீழே போகிறது. கிழங்கைப் பெயர்த்தால் செடியே போயிற்று, வயலில் விதைத்து எடுக்கும் பயிர் இல்லை இது. கடையில் ஒரு கோப்பை சூப் குடித்துப் பாருங்கள், கிலோ கணக்கில் சுமக்காதீர்கள். யாராவது கொடுத்துவிட்டால் நான்கு பேருக்கு 50 கிராம் தாராளம். ரோமத்தோடு தோலைச் சுத்தமாகச் சுரண்ட வேண்டும், மிச்சம் இருந்தால் தொண்டை அரிக்கும். நறுக்கி, ஒரு தேக்கரண்டி மிளகு, அதே அளவு சீரகம், ஆறு பல் பூண்டு, பத்துச் சின்ன வெங்காயம் சேர்த்துத் தட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டு முக்கால் லிட்டராகும் வரை கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். உப்பு கடைசியில்.

மலைவாழை வாங்கினால் காய்ப்பதத்தில் வாங்குங்கள். பழுத்தது எழுபது வளைவில் குலுங்கிக் குழைந்துவிடும். பிளாஸ்டிக் பை கேட்காமல் துணிப்பை கொண்டுபோங்கள், உங்கள் குப்பையைக் கீழேயே கொண்டுவந்து போடுங்கள். இருட்டுவதற்கு முன் இறங்கத் தொடங்க வேண்டும், பேருந்து என்றால் கடைசி வண்டி நேரத்தைக் காலையிலேயே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கார் என்றால் ஏறிய அதே கியரில் இறங்குங்கள், பிரேக்கை விடாமல் மிதிக்காதீர்கள். கருகல் வாசம் வந்தால் அகலமான இடம் பார்த்து அரை மணி நேரம் நிறுத்துங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது, பிரேக் டிஸ்க் வளைந்துவிடும்.